சித்தப்பாவின் தலைமயிரும் குழாய்த் தண்ணீரும்

என் சித்தப்பாவுக்கு மயிர் கொட்டியதற்குக் கனடாவின் குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்பது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். அவரே சொன்னார்.

கொழும்பில் சித்தியைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டுத் திரும்பியபோது சீப்பு சிக்கும் அளவுக்கு அவருக்கு முடி இருந்தது. சித்திக்கு விசா கிடைப்பதற்கிடையில் நெற்றி உச்சிவரை போய்விட்டது. அதைக் கண்டு சித்தி முகம் சுளித்துவிடுவாரோ என்பதுதான் மனுசனுக்குப் பெரும் பயம். வீடியோவில் பேசும்போது கமெராவைப் புருவத்துக்கு மேலே போகவிடமாட்டார்.

சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் எங்களோடுதான் இருந்தார். இரவில் பேக்கரி வேலை, பகலில் பார்சல் ஓட்டம், இடையில் கோப்பியும் டோனட்டும். போத்தல் தண்ணீரில் மட்டுமே தலை முழுகுவார். ஊற்றிவிடும் உத்தியோகம் எனக்கு. ஹீட்டர் காற்று மயிரைக் காய வைக்கிறது என்று ஹீட்டர் மேல் ஈரத் துவாயும் விரித்து வைத்தார்.

“நாங்களும் உந்தத் தண்ணியிலைதானே முழுகிறம். நீர் முதல்லை ஒழுங்கா நித்திரை கொள்ளும்,” என்றார் அம்மா.

“நான் படுத்துக் கிடந்தா அவளை இஞ்சை ஆர் அண்ணி கூப்பிடுறது?”

சித்தி வந்த நாள் நல்ல கோடை வெயில். சித்தப்பா கம்பளித் தொப்பியோடு விமான நிலையத்தில் நின்றார்.

“இஞ்சேருங்கோ, உதைக் கழட்டுங்கோ பாப்பம்,” என்றார் சித்தி. கழற்றினார். சித்தி பார்த்தார், சிரித்தார். “இவ்வளவுதானே. தலையிலை ஏதோ காயமாக்கும் எண்டெல்லோ பயந்திட்டன்.”

காரில் சித்தப்பா வழிநெடுகப் பாடிக்கொண்டு வந்தார். அவ்வளவு சந்தோசமாக நான் அவரைக் கண்டதில்லை.

சித்தி செவ்வரத்தம்பூவும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கொண்டு வந்திருந்தார். சனிக்கிழமைகளில் சித்தப்பாவின் தலையில் தேய்த்து, தன் நீளக் கூந்தலிலும் பூசிக்கொள்வார். சில மாதங்களில் சித்தப்பாவுக்குக் கொட்டுவது நின்று, அங்கங்கே பூனைமயிர் போல முளைக்கவும் தொடங்கியது. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் எண்ணெயின் மகிமையைச் சொன்னார். அதற்குள் இரவு வேலையை விட்டு, வீட்டில் சோறு சாப்பிட்டு, குறட்டை விட்டு உறங்கவும் தொடங்கியிருந்தார். பேக்கரி இரவு வேலைக்கு இப்போது சித்தி போனார்.

அடுத்த குளிர்காலத்தில் குளியல் தொட்டி அடைத்துக்கொண்டது. கட்டை முடி வைத்திருந்த அம்மா கம்பி விட்டு இழுக்க, நீள நீளமாக மயிர் வந்தது. அம்மா அதைப் பையில் சுற்றினார்.

அந்த எண்ணெய் ஆம்பிளையளுக்கு மட்டும்தான் வேலை செய்யும்போல என்று நினைத்துக்கொண்டு, நான் விளையாடப் போய்விட்டேன்.