நடுக்கடலில் எண்ணெய்க் குளியல்

அந்தமானில் பாய்மரப் படகில் மூன்று நாள் தீவு தீவாகச் சுற்றுவதாக ஏற்பாடு. கோவில்பட்டியிலிருந்து ஐந்து பேர் போனோம்: நான், என் வீட்டுக்காரர், மகள், வீட்டுக்காரரின் சிநேகிதரான தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, அவர் மனைவி. முதலாளிக்குக் கடல் என்றால் திருச்செந்தூர், அதுவும் முழங்கால் மட்டும். ஆனால் படகில் ஏறியதும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி ஒரு நிற்பு நின்றார் பாருங்கள், கடலையே விலைக்கு வாங்கியவர் தோற்றார்.

பயணம் மகளின் ஆசை. அடுத்த மாதம் வேலைக்கு ஜெர்மனி போகிறவள். குளத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர் கிணற்றில், தண்ணீர் கிடந்த வருஷங்களில் நீச்சல் படித்தவள். மூன்றாம் நாள் கடைசித் தீவில் பவளப்பாறைக்கு மேல் நீந்த வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். திங்கள்கிழமை காலையில் ஊர் திரும்ப விமானம்.

படகுக்காரர் தமிழர்தான். ஏறும்போதே தெளிவாகச் சொன்னார்: "தொட்டியில இருக்க நல்ல தண்ணிதான் மூணு நாளைக்கும். குளிக்கிறது கடல்ல. மேல ஊத்திக்க ஆளுக்கு ஒரு செம்பு."

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வரும் நாளில் வேறு சோலிக்குப் போகமாட்டோம். அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கீழே கொட்டமாட்டோம். அப்பேர்ப்பட்ட ஜனத்துக்கு நாலு பக்கமும் தண்ணீரைக் கண்டதும் புத்தி பேதலித்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் முதலாளி பெட்டியிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்தார், கூடவே சீயக்காய்ப் பொடி. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காவிட்டால் அவருக்குக் கண் எரியுமாம். என் வீட்டுக்காரர் உச்சியிலும் ஒரு கை வைத்தார். இரண்டு பேரும் மேல்தளத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்த கண்றாவியை நான் வேறு பார்க்க வேண்டியிருந்தது. கடல் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை. பிறகென்ன, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டார்கள்.

"ஏன் அண்ணாச்சி, தண்ணி தீந்திராதா?" என்றேன்.

"கடலுக்குள்ள நின்னுக்கிட்டுத் தண்ணிக்குப் பயப்படுதியளே!" என்று சிரித்தார். அறிவுக்கொழுந்து!

மதியம் படகுக்காரர் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். "தண்ணி சுத்தமாத் தீந்துட்டு. இப்பவே துறைமுகத்துக்குத் திருப்பணும்."

"கடைசித் தீவு?" என்றாள் மகள்.

"போய் நிரப்பிட்டு அங்க வந்து சேர திங்கக்கிழமை ஆயிரும்மா."

முதலாளியை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "ஒரு நாள் எண்ணெய் தேய்க்காட்டி மண்டை வெடிச்சிருமோ? பிள்ளை ஆசையில மண்ணள்ளிப் போட்டுட்டியளே!" வீட்டுக்காரரையும் விடவில்லை. இரண்டு பேரும் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலாளியின் மனைவி மட்டும் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இன்னும் ஈரம் காயாத என் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவியளைச் சொல்லுதியே, காலையில நீ எத்தனை வாளிம்மா ஊத்துன?"

ஆறு. உப்புப் பிசுபிசுப்புத் தாங்காமல், ஆண்கள் குளித்து முடித்த கையோடு கதவைச் சாத்திக்கொண்டு ஆறு வாளி ஊற்றியிருந்தேன்.

"ரெண்டுதான்" என்றேன்.