கடிகாரத்தை அமுக்க மறந்தவர்

முடிதிருத்தும் கடையில் அவருக்குக் கத்தரி பாதி வேலை, பேச்சு மீதி வேலை. கழுத்தில் துண்டைக் கட்டியதுமே, "சதுரங்கம் தெரிஞ்சா வாழ்க்கையே தெரிஞ்ச மாதிரி" என்று ஆரம்பித்துவிடுவார். தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் எங்கே எழுந்து ஓடுவது?

அப்பேர்ப்பட்ட ஞானியின் மனைவி இப்போது அக்கா வீட்டில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விட்டுப் பார்ப்பார்கள், துணைக்கு வாங்க என்று அவள் கேட்ட அன்றைக்குச் சதுரங்க மன்றத்தில் இறுதி ஆட்டம். அவர் போகவில்லை. மங்கிய கண்ணோடு தட்டுத் தடுமாறி அவள் தனியாக வீடு வந்து சேர்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய் பாடம் நடத்தியது: "பெரிய ஆட்டத்துல ஒரு சிப்பாய விட்டுக் குடுத்துத்தான் ஆகணும்." அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தப் பெரிய ஆட்டமும் ஊற்றிக்கொண்டதுதான் வேடிக்கை. பிரமாதமாக ஒரு காயை நகர்த்திவிட்டு, தன் சாமர்த்தியத்தில் தானே சொக்கிப்போய், ஆட்டக் கடிகாரத்தின் பொத்தானை அமுக்க மறந்துவிட்டார். எதிராளி யோசிக்கிறார் என்று இவர் காத்திருக்க, ஓடிக்கொண்டிருந்ததோ இவருடைய நேரம். எதிரே ஆடிய தபால்காரர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அதே தபால்காரர்தான் இப்போது நாற்காலியில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு.

"வீட்டுக்காரம்மா பேசினாங்களா?"

"இல்ல. அவதான் கூப்பிடணும். இப்ப அவ முறை."

கண்ணாடிக்குள் தபால்காரர் சிரித்தார். "அன்னிக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தீங்க, அண்ணே."

கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது. அவள் வராமலே போய்விடுவாளோ என்று அவருக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. தொலைபேசியை எடுத்தார். யோசித்து வைத்திருந்த வாக்கியங்களெல்லாம் காலை வாரிவிட்டன.

"தப்பு என் மேலதான். நீ இல்லாம வீடு வீடாவே இல்ல."

"இன்னிக்கு மறுபடி கண்ணுக்கு மருந்து விடுறாங்க. கெளம்பிட்டேன்" என்றாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அவர் செருப்பைத் தேடினார்.

"அண்ணே! பாதித் தாடிய வெச்சுக்கிட்டு நான் எப்படித் தெருவுல போறது?"

விட்டுக்கொடுப்பது பற்றி அவரிடம் அருமையான பாடம் ஒன்று இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஓடினார்.

கண் மருத்துவமனை வாசலில் அவள், பரிசோதனை முடிந்து, மருந்து விட்ட கண்ணை எதிர்வெயிலுக்கு இடுக்கிக்கொண்டு நின்றாள். அவர் கையைப் பிடித்ததும் யார் என்று கேட்கவில்லை. சோப்பு வாசமே சொல்லியிருக்கும்.

"ரோட்டத் தாண்டுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

இருவரும் ரோட்டைத் தாண்டினார்கள். தாண்டிய பிறகும் அவள் கையை விடவில்லை. அவருக்கும் பேச எதுவும் தோன்றவில்லை.