ஓடாத பஸ்

பேகம்பூர் கிதர் முகம்மது பஸ் ஏறி எங்கும் போகிறவரில்லை. ஆனால் திண்டுக்கல்லில் எந்த வண்டி எப்போது புறப்படும் என்பது அவருக்கு அத்துப்படி. வெயிலில் நின்று, கண்டக்டர்களை நச்சரித்து, ரயில், பஸ் நேரங்களைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து விற்றார். வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

அறுபதாம் வருஷம் அவருடைய சகலை சாகுல் ஹமீது அதே நேரங்களை வைத்துப் பாதி விலைக்கு ஒரு புத்தகம் போட்டார். கிதர் முகம்மதுவின் புத்தகம் விற்காமல் கிடந்தது. வயிறு எரிய வக்கீலிடம் ஓடினார்.

"கதை எழுதினா, படம் வரைஞ்சா அது உம்ம சொத்து பாய். வண்டி எத்தனை மணிக்குக் கெளம்புதுங்கிறது ஊர்ச் சங்கதி. அது யாருக்கும் சொந்தமில்லை," என்றார் வக்கீல். "நீர் தேடித் தொகுத்ததை அப்படியே எடுத்தாருன்னா கேக்கலாம். ஆனா, நானும் விசாரிச்சுத்தான் போட்டேன்னு அவர் சொன்னா என்ன செய்வீர்?"

கிதர் முகம்மது அடுத்த பதிப்பில் இல்லாத வண்டி ஒன்றை ஓடவிட்டார்: தாடிக்கொம்புக்கு மதியம் இரண்டு பத்து. அந்த வேகாத வெயிலில் யார் போகப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. காய் விற்க வரும் பெண்களுக்கு அந்நேரம்தான் கூடை காலியாகும் என்பது பஸ் ஸ்டாண்டே கதியென்று கிடந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

சகலை வசமாக மாட்டினார். அவர் புத்தகத்திலும் அந்த வண்டி வந்தது. வக்கீல் நோட்டீஸ் போனது.

"எங்கக்கா மூஞ்சியில நான் எப்புடி முழிக்கிறது?" என்று அழுதாள் மனைவி சைதூன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிதர் முகம்மது பஸ் ஸ்டாண்டை மறந்து வக்கீல் வீட்டுக்கே அலைந்தார். சில மாதம் கழித்து சாகுல் ஹமீதே நேரில் வந்தார். "ஓடாத பஸ்ஸாம்ல? வாங்க சகலை, பாத்துட்டு வருவோம்."

மதியம் மணி இரண்டு அடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் தாடிக்கொம்பு போர்டோடு ஒரு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கிதர் முகம்மது கண்டக்டரிடம் ஓடினார்.

"இதை எப்பப்பா விட்டீங்க?"

"போன வாரந்தான் பாய்," என்றார் கண்டக்டர். "பொம்பளைங்க தெனமும் கூடையோட வந்து, பொஸ்தகத்துல போட்டிருக்காமே, வண்டி எங்கேன்னு மொதலாளி உசுரை வாங்கிட்டாங்க. அவரும் அலைஞ்சு பர்மிட்டு வாங்கிட்டாரு."

சாகுல் ஹமீது சிரிக்கக்கூட இல்லை. "நானும் விசாரிச்சுத்தான் போட்டேன், சகலை."

அத்தனை பக்கத்திலும் கிதர் முகம்மது சொந்தமாகக் கற்பனை செய்து எழுதியது அந்த ஒரு வரிதான். அதுவும் ஊர்ச் சங்கதியாகிவிட்டது. ஆத்திரம் வந்தது. கூடவே, வெட்கமில்லாமல் கொஞ்சம் பெருமையும் வந்தது. என்ன நினைத்தாரோ, அந்த வண்டியில் ஏறினார்.

உள்ளே கூடையும் ஆளுமாக அடைத்துக்கொண்டிருந்தது.

"எடமில்ல பாய்," என்றார் கண்டக்டர். "கம்பியைப் பிடிச்சு நில்லுங்க."