நோலீன் வெட்டிய வேலி

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. வடமேற்கிலிருந்து வறண்ட காற்று புழுதியை வாரிக்கொண்டு வீசியது.

ஆஸ்திரேலியாவின் ஹியூம் நெடுஞ்சாலையில், ஹோல்புரூக் ஊருக்கு வடக்கே, லாரிகள் நின்று டீசல் போடும் உணவகம் ஒன்றை நடத்துபவர் நோலீன் ஹாகார்ட். சிட்னிச் சரக்கு நிறுவனம் ஒன்றின் மின்சார லாரி, சோதனை ஓட்டமாக அன்று அவரிடம் மின்னேற்றிக்கொள்ள வரவிருந்தது. அங்கே மின்னேற்றுக் கம்பம் நடும்படி மின்வாரியத்தை விடாமல் நச்சரித்தவர் அவரே. டீசல் விற்றுப் பிழைப்பவளுக்கு இது எதற்கு என்று அக்கம்பக்கத்தார் சிரித்தபோது, "வண்டி எதைக் குடிச்சா என்ன? ஓட்டறவன் என் முட்டை ரொட்டியைத்தானே தின்னப்போறான்!" என்றார். அன்றைய ஓட்டம் தோற்றால் அந்தக் கம்பத்தை வேறோர் ஊருக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கம்பம் கட்டடத்தின் பின்புறம், யூகலிப்டஸ் மரங்களின் நிழலில் நின்றது. மின்னேற்றும் நேரத்தில் ஓட்டுநர் வெயிலில் வேகக்கூடாது என்று நோலீன் தேர்ந்தெடுத்த இடம் அது. நிழலை எல்லோரும் விரும்புவார்கள் என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

லாரி வந்து சேர்ந்தது. ஓட்டுநர் ஹர்விந்தர் கில். பக்கத்து இருக்கையில் நிறுவன மேலாளர் லாச்லன் வேர். கம்பத்தை ஒட்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு டீசல் லாரி நின்றது. அதன் ஓட்டுநர் அறைத் திரைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன.

"நம்ம டெஸ்தான். ராத்திரி முழுக்க ஓட்டிட்டு, விடியறப்ப வந்து படுத்திருக்கான்" என்றார் நோலீன்.

"தட்டி எழுப்புங்க. பத்தடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்க" என்றார் லாச்லன்.

கில் தலைப்பாகையைச் சரிசெய்தபடி சிரித்தார். "பாஸ், நீங்க ஆபீஸ் ஆளுன்னு இப்படியா காட்டிக்குவீங்க? பத்தடி நகர்த்தினாலும் அவர் ஓய்வு முறிஞ்சுபோகும். சட்டப்படி மறுபடி முதல்லேருந்து ஏழு மணிநேரம் படுக்கணும்."

"நம்ம பேட்டரி தீரப்போகுதே! அடுத்த கம்பம் வரைக்கும் தாங்காது. இழுவை வண்டிதான் வரணும். அப்படி வந்தா இந்த இடம் எங்களுக்கு ஒத்துவராதுன்னுதான் எழுதுவேன். சொல்லிட்டேன்."

இளமையில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடுகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டியவர் நோலீன். தூக்கம் கெட்டு ஓட்டிய தோழி ஒருத்தியை மண்ணுக்குக் கொடுத்தவர். திரை மூடிய வண்டியைத் தட்ட அவர் யாரையும் விட்டதில்லை. கம்பத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அதன் மறுபுறம் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் அவருடைய தக்காளித் தோட்டம். தோட்டத்தின் கோடியில் கிளைச்சாலைக்குத் திறக்கும் அகலமான வாயில். காலால் தரையை உதைத்துப் பார்த்தார். மாதக்கணக்கில் மழையில்லாத மண் கல்லாக இறுகியிருந்தது.

"கில் கண்ணு, உன் வண்டிக்கு மின் சொருகுற இடம் இடப்பக்கம்தானே? அந்தக் கேட் வழியா எதிர்த்திசையில வா. கம்பம் உன் இடக்கைப் பக்கம் வந்துடும்."

"ஆன்ட்டி, தக்காளி!"

"சாஸ் பண்ணிக்கலாம். பாத்து வா."

கொட்டகைக்குள் சென்று கம்பி வெட்டும் இடுக்கியுடன் திரும்பிய அவர், தம் வேலியைத் தாமே வெட்டிச் சுருட்டினார். பழுத்த செடிகளை நசுக்கிக்கொண்டு லாரி மெல்ல ஊர்ந்து வந்தது. மண் தாங்கியது. கனத்த மின்வடத்தைக் கில்லும் அவரும் தோளில் சுமந்து இழுத்தனர். அது சரியாக எட்டியது. விளக்கு பச்சையாயிற்று. டெஸ்ஸின் குறட்டை ஒரு கணமும் நிற்கவில்லை.

மின்னேறி முடிவதற்குள் லாச்லன் இரண்டு முட்டை ரொட்டிகளைத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அடுத்த மாசத்துலேருந்து தினமும் வண்டி அனுப்பலாம்னு இருக்கேன். டெஸ் மறுபடியும் இங்கயே வந்து படுத்தா என்ன பண்ணுவீங்க?"

"தூங்கட்டும். வேலியை நான் திரும்பக் கட்டப்போறதில்ல" என்றார் நோலீன்.