அக்காவோடு வாணவேடிக்கை பார்க்கப் போன நாள்

அக்கா கொழும்புக்கு வந்தது காதுக்காக. யுத்தத்தின் கடைசி மாதங்களில் பக்கத்தில் விழுந்த ஷெல் ஒன்று அவளுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோயிருந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு நான்தான் வற்புறுத்திக் கிளிநொச்சியிலிருந்து அவளை வரச்சொன்னேன். கிளினிக்கில் பரிசோதித்த டாக்டர், நரம்பு செத்துவிட்டது, மெஷின் போட்டும் பயனில்லை என்றார். அதை நான் போனில் தட்டிக் காட்டினேன். வாசித்தாள். தலையாட்டினாள். "சரி, சாப்பிடப் போவம்," என்றாள்.

மறுநாள் சுதந்திர தினம். காலிமுகத்திடலில் மாலையில் வாணவேடிக்கை இருக்கிறது என்று டிவியில் எழுத்து ஓடியது.

"எனக்கு இதைப் பாக்கவேணும். வெடிச்சத்தம் கேக்காதுதானே, வடிவாப் பாக்கலாம்."

அக்காவின் குரல் பக்கத்து ஃபிளட்டுக்கும் கேட்டிருக்கும். தன் குரல் தனக்கே கேட்காததால் அவளுடைய ஒவ்வொரு சொல்லும் கத்தலாகத்தான் வரும்.

என் கணவர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "அந்தச் சனத்துக்குள்ளை அவவைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறீர்? வெளிச்சத்தைக் கண்டு பயந்துபோனா எண்டால்?"

"அவதானே கேக்கிறா," என்றேன். டாக்டர் கைவிரித்ததற்குப் பதிலாக அவளுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்றிருந்தது எனக்கு.

காலி வீதியில் பஸ் கொள்ளுப்பிட்டியோடு நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். வீதி முழுக்கச் சனம். தோளில் பிள்ளைகள், கன்னத்தில் கொடி வரைந்த பெடியன்கள், பாய் சுருட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள். திடலை அடைந்தபோது புல்லே தெரியவில்லை. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். கடலைப் பார்த்தபடி கடித்தாள்.

"சரியான உறைப்பு! எங்கடை ஊரிலை இப்பிடி இறால் எண்டால் ஆர் விடுவான்!"

அந்த உரத்த தமிழுக்கு நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுற்றிலும் கொடிகள். சற்றுத் தள்ளித் துப்பாக்கியோடு இரண்டு ஆமிக்காரர். நான் உதட்டில் விரல் வைத்து அவளை அமர்த்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்த்தவர்களைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

பயத்தில் செய்தேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் பாதிக்கு மேல் வெட்கம். திரும்பிப் பார்த்தவர்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் நின்ற ஒரு மனிதர் தன் மகளை ஒரு பக்கம் நகர்த்தி, "அக்கே, மெதன இன்ன," இங்கே நில்லுங்கள் என்று சிங்களத்தில் சொல்லி, அக்காவுக்கு இடம்கூட விட்டுக் கொடுத்தார்.

இருட்டியதும் முதல் வாணம் கடலுக்கு மேலே விரிந்தது. நான் அக்காவைத்தான் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. பச்சையும் சிவப்பும் முகத்தில் மாறி மாறி விழ, சிறுபிள்ளைபோல வாய் பிளந்து நின்றாள். பெரிய வெடி ஒன்று வெடித்தபோது நெஞ்சில் கையை வைத்தாள். என் பக்கம் திரும்பி, குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: "இஞ்சை கேக்குது." நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

அந்த முகத்தை வீடியோ எடுக்கவேண்டும் என்று நினைத்தேன். போனை எடுக்க அவளுடைய கையை விட்டேன்.

ஒரு வாணம் மேலே போகாமல் சரிந்து எங்கள் பக்கமாக வந்தது. அது கடல் ஓரத்திலேயே விழுந்து அணைந்துவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். ஆனால் முன்னால் நின்றவர்கள் அலறிக்கொண்டு திரும்பி ஓடினார்கள். அலறலைக் கேட்டவர்கள் எல்லாரும் ஓடினார்கள். அக்கா மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோளில் யாரோ வந்து மோதியதைக் கண்டேன். பிறகு என்னையும் சனம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

"அக்கா! அக்கா!" என்று கத்தினேன். கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். மேலே வாணங்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. கால்களுக்கிடையில் குனிந்து குனிந்து தேடினேன். செருப்புகள், மிதிபட்ட கொடிகள், ஒரு பால் போத்தல்.

இடம் விட்டுக் கொடுத்த அந்த மனிதர்தான் அவளைக் கண்டுபிடித்தார். தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் அக்காவைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். அக்காவின் வலது முழங்கை போகக்கூடாத பக்கம் மடிந்திருந்தது. புறங்கையில் சப்பாத்துத் தடம். கண்ணீர் ஓடியது, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சத்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் தள்ளுவண்டிலில் படுத்திருந்தபோது போனில் தட்டிக் கேட்டேன்: "ஏன் கத்தேல்லை? கத்தியிருந்தால் ஆராவது விலகியிருப்பினம்."

மூச்சுக்காற்றாகச் சொன்னாள். "நீதானே சத்தம் போடாதை எண்டனீ."

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சனம் தள்ளிவிட்டது என்று மட்டும் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்," என்றார் அவர். அந்தக் குற்றச்சாட்டு எனக்குச் சுகமாக இருந்தது; உண்மை அதைவிட மோசம்.

அக்காவின் முழங்கையில் பிளேட் வைத்துப் பூட்டினார்கள். கை முழுதாக மடங்கவில்லை. ஊரில் அவள் பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைத்துச் சீவித்தவள். மூன்று மாதம் முயன்று பார்த்துவிட்டு, தையல் மெஷினைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். இப்போது முன்பள்ளி ஒன்றில் காலையில் கூட்டித் துடைக்கிறாள், பெரும்பாலும் இடக்கையால்.

போன சித்திரை லீவுக்கு நான் கிளிநொச்சிக்குப் போனேன். போகும் வழி முழுக்க பஸ்ஸில் எழுதி எழுதி அழித்து, கடைசியில் போனில் ஒரு பக்கம் தேறியிருந்தது. உன்னுடைய குரல் எனக்கு வெட்கமாக இருந்தது என்றும் அதில் எழுதியிருந்தேன். விறாந்தையில் வைத்து அவளிடம் கொடுத்தேன். அவள் மெதுவாக வாசித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, மேலே தள்ளி மறுபடியும் வாசித்தாள். போனைத் திருப்பித் தந்தாள்.

மன்னிப்பாள் என்றோ திட்டுவாள் என்றோ காத்திருந்தேன். அவள் எனக்கு ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தினாள்.

"தேத்தண்ணி ஆறுது," என்றாள். "குடி."