பெண்கள் பக்கத்துச் சுவர்

பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு தொடங்கியதும் படத்தின் சத்தம் சட்டென்று நின்றுபோகும். திரையில் கதாநாயகி சத்தமில்லாமல் வாயசைத்து அழுதுகொண்டிருப்பாள், மெஷின் அறையிலிருந்து ரீல் ஓடும் ‘கடகட’ மட்டும் கேட்கும், இருட்டுக்குள் பெண்கள் எல்லோரும் முந்தானையை இழுத்து முக்காடு போடும் சரசரப்பு அதோடு சேர்ந்துகொள்ளும். பள்ளிவாசல் அடுத்த தெருவிலேயே இருந்ததால் எங்கள் கல்முனைத் தியேட்டரில் அப்படியொரு வழக்கம். பாங்கு முடியும்வரை சத்தத்தை அடைத்துவிடுவார்கள், படத்தை நிறுத்தமாட்டார்கள். தலையையும் வாயையும் மூடிக்கொண்ட எங்கள் பெண்கள் கண்ணை மட்டும் மூடியதில்லை.

‘மெட்னி’ காட்சிக்கு உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். முன்வாசல் ஆண்களுக்கு. பக்கத்துச் சந்தான ஒழுங்கையால் சுற்றிவந்து சின்ன வாசலால் நுழைந்தால் ஆளுயரச் சுவர் ஒன்றுக்கு இந்தப் பக்கம் உட்கார நீளமான மர ‘வாங்கு’கள் கிடக்கும், அதுதான் பெண்கள் பக்கம், கைக்குழந்தைகளுக்கும் அங்கேதான் இடம். வீடு திரும்பும் வழியெல்லாம் பாங்கு நேரத்தில் கதாநாயகி என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரே வாக்குவாதம். “நீ போ, என்ட புள்ளைகள நான் வளர்ப்பன் எண்டு புருஷன்ட மூஞ்சிக்கு நேரே சொல்லிரிப்பா” என்பார் உம்மா. பல வருடங்கள் கழித்து அதே படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். “என்னை மன்னித்துவிடுங்கள் அத்தான்” என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் உம்மாவின் வசனத்தைக் கேட்டு வளர்ந்தவள்.

பிறகு தியேட்டர் மூடப்பட்டு சீமெந்துக் களஞ்சியமானது. வாங்குகளின் மேல்தான் மூட்டைகளை அடுக்கினார்கள், அதனால் அவை தப்பின. சில வருடங்களுக்கு முன் அந்தக் கட்டடத்தை ஊரின் பழம்பொருட்களை வைக்கும் நூதனசாலையாக்கத் தீர்மானித்து ஒரு குழு அமைத்தபோது நானும் அதில் ஒருத்தி. மருதமுனையிலிருந்து ஒரு தறி, பழைய கரைவலைத் தோணி, தியேட்டரின் மெஷின் எல்லாம் வைப்பதென்று பேசிய கூட்டத்திலேயே பெண்கள் பக்கத்துச் சுவரை இடித்து, சின்ன வாசலை அடைத்துவிடுவதென்றும் முடிவாயிற்று. குழுவின் தலைவர் எங்கள் தெருவில் வளர்ந்த புடவைக்கடை ஹாஜியார், என்னைவிடச் சில வயது இளையவர்.

“ராத்தா, நம்மட பொண்டுகள் படம் பார்க்கப் போனாங்க எண்டு நாமளே காட்டி வெக்கிறதா? நாளைக்குப் புள்ளைகள் என்ன நினைக்கும்?” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாங்கு சொன்னால் முக்காடு போட்டார்கள், படம் வந்தால் பார்த்தார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்டேன். சுவர் போனால் அந்தப் பெண்கள் அங்கே இருந்ததே இல்லை என்றாகிவிடும், அதற்கு நான் விடுவதாக இல்லை என்றும் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த கூட்டம் தியேட்டருக்குள்ளேயே நடந்தது. உம்மாவைக் கையோடு கூட்டிப்போனேன். “என்னத்துக்கு மகள் இப்ப அந்தப் பழைய கதை?” என்று முதலில் மறுத்தார், ஊர் வாய்க்குப் பயந்து அவரும் எத்தனையோ காலமாக அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டிருந்தார். ஆனால் ஒழுங்கையில் அந்தச் சின்ன வாசலைக் கண்டதும் என் கையை உதறிவிட்டுத் தானாகவே உள்ளே நடந்தார். ஹாஜியார் எழுந்து ஸலாம் சொன்னார். உம்மா பதில் ஸலாம் சொல்லிவிட்டுச் சுவரில் கையை வைத்துக்கொண்டார்.

“மகன், இஞ்சதான் ஒங்கட உம்மா எனக்கு இடம் புடிச்சி வெக்கிற. நீங்க அவட மடியில கிடந்து அழுவீங்க. அவக்குப் படம் தப்பிப் போயிடும் எண்டு நான்தான் ஒங்களத் தூக்கிட்டு வெளிய நிக்கிற.”

யாரோ சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. அவருடைய உம்மா மௌத்தாகி அடக்கமாகி எவ்வளவோ காலம். எதிர்த்துப் பேசப்போகிறார் என்று நான் பதில்களைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“எந்த வாங்கு, மாமி?”

சுவரை இடிக்கும் பேச்சு அன்றோடு நின்றது. இன்று திரை இல்லை, மெட்னியும் இல்லை. மெஷின் கண்ணாடிக்குள் பேசாமல் கிடக்கிறது, ஊரில் அவரவர் கைபேசியில் தனித்தனியே படம் பார்க்கிறார்கள். அந்த வாங்குகளில் நெருக்கியடித்து இருந்தவர்களில் பெரும்பாலானோர் மையவாடிக்குப் போய்விட்டார்கள். சுவரும் சின்ன வாசலும் மட்டும் அப்படியே நிற்கின்றன, நான் இருக்கும்வரை நிற்கும்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பெண்களும் படம் பார்த்தார்களா என்று ஒரு சிறுமி கேட்க, அவளுடைய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தோணிக்குப் பக்கத்தில் நின்ற ஹாஜியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ஓம் மகள். எங்கட உம்மா ஒரு படமும் விடல்ல.”