நூறு காட்டியும் அணையாத சிவப்பு

எங்கள் வீட்டில் மீட்டர் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். பெருங்களத்தூரில் அப்போது புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் வேலை. மின்கட்டண அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெருவில் பாதிப் பேர் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். கருவி ஒரு எண்ணைக் காட்டினால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். டிப்ளமோ முடித்துத் திருமுடிவாக்கத்தில் ஒரு பாயின் சின்னப் பட்டறையில் சேர்ந்த பிறகும் அப்படித்தான்.

இன்வெர்ட்டர் செய்து விற்றுக்கொண்டிருந்த பாய்க்கு ஒருநாள் படகு ஆசை வந்தது. லித்தியம் பேட்டரி என்றால் செல்போனுக்குள் இருப்பது என்று மட்டுமே எல்லோரும் அறிந்திருந்த காலம். அவர் செங்கல் அளவில் பதினாறு செல்களை வரவழைத்தார். அவற்றை வரிசையாகக் கட்டி ஒரு ஃபைபர் படகில் வைத்து, மோட்டார் பொருத்தினோம். வெள்ளோட்டத்துக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கழிமுகத்தில் ஒரு மீனவ ஊர் கிடைத்தது. கடல் பக்கம் ஊர், இந்தப் பக்கம் பஸ். ஏலத்தில் மீன் எடுத்த பெண்கள் கூடையோடு தண்ணீரைக் கடந்து வந்து பஸ் பிடிக்க வேண்டும்.

அவர்களை ஏற்றிக் கடப்பவர்தான் அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். கணவருக்குத் தோள் இறங்கிப்போனதால் துறையில் படகு ஓட்டும் உரிமையை ஊர்க்கூட்டத்தில் கேட்டு வாங்கியிருந்தார். பேட்டரிப் படகு என்றதும் ஊர்ப் பெரியவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். கூடைக்காரப் பெண்களை வைத்துக்கொண்டு நடுத்தண்ணீரில் ஒரு தடவை நின்றாலும் துறை கைமாறும். வாங்கிக்கொள்ள அக்காவின் கொழுந்தனார் பெட்ரோல் இன்ஜினோடு தயாராக நின்றார்.

பழைய பேட்டரி தீரப்போகிறது என்றால் விளக்கு மங்கும், மோட்டார் முனகும். லித்தியம் அப்படி எதுவும் சொல்லாது. கடைசி வரை அதே வேகத்தில் இழுத்துவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். அதனால் உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வருவதையும் எண்ணி, மிச்சம் நூற்றுக்கு எத்தனை என்று காட்டும் மீட்டரைப் பொருத்தியிருந்தோம். அக்கா பள்ளிக்கூடம் போகாதவர். பஸ் நம்பரும் தராசும் படித்துப் பழகியதால் எண்கள் மட்டும் தெரியும். ஒவ்வொரு கடப்புக்கும் மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். "காலீல ஒரு நடைக்கு ரெண்டு துன்னுது. கடக்காத்து ஏறிட்ச்சுன்னா நாலு." நான் நோட்டில் ஒரு வாரம் எழுதிக் கண்டுபிடித்ததும் அதுவேதான்.

பெண்களுக்குப் படகு நல்ல வேடிக்கை. "செல்லு மாதிரி சார்ஜ் போடுற போட்டுடி இது. நடுவுல யாருக்காவது போன் பண்ணிடப் போவுது, பாத்துக்கோ!"

இரண்டாவது வாரத்தில் படகின் அடி ஒரு கல்லில் உரசி லேசாகத் தண்ணீர் கசிந்தது. தானாக இறைக்கும் ஒரு சின்ன பம்பை அடியில் வைத்தேன். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது ஓட வேண்டும் என்பதற்காக ஒயரை நேராக பேட்டரியில் முடுக்கினேன். நல்ல யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் போனபோது அக்கா கரையில் சார்ஜர் முன்னால் குந்தியிருந்தார்.

"தம்பி, மீட்டரு நூறுன்னு காட்டி ஒரு மணி நேரம் ஆவுது. சார்ஜர்ல செவப்பு அணையல. முன்ன ரெண்டும் ஒண்ணாதானே முடியும்?"

"அது செல்லுக்கு செல் சமமாக்கிக்குது அக்கா. பேலன்சிங்னு சொல்வாங்க."

"வயிறு ரொம்பினவன் இன்னாத்துக்கு இன்னும் துன்னுறான்?"

"அதான் சொல்றேனே, பேலன்சிங்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பச்சை எரியும் வரை காத்திருந்து படகை எடுத்தார். அடுத்த நாளிலிருந்து அந்த ஊரில் காலை ஆறு மணிக்கெல்லாம் கரண்டு போக ஆரம்பித்தது. ஏழு மணிக்குப் படகு கிளம்பியாக வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து, மீட்டர் நூறு காட்டியதும் கரண்டு போனது. பச்சை எரியவே இல்லை. நான் நோட்டில் மூன்று நாளும் 100 என்று எழுதினேன்.

மூன்றாவது நாள் சனிக்கிழமை. ஏலத்தில் மீன் நிறைய வந்திருந்தது, துறையில் கூட்டம் நெரித்தது. அன்று பார்த்துப் பாயும் வந்திருந்தார். மீட்டர் 50 காட்டியபோது அக்கா மோட்டாரை அணைத்துவிட்டு மூங்கில் கழியைக் கையில் எடுத்தார்.

"இன்னா அக்கா, பாதி இருக்கு!" என்று ஓடினேன்.

"உன் மீட்டருக்கு இருக்கு. பேட்டரிக்கு இல்ல. மூணு நாளா அரை வயித்தோட எழுந்து வந்துகினு கீது. உள்ள எங்கயோ ஒண்ணு திருட்டுத்தனமா குடிக்குது."

"அப்படியெல்லாம் இருக்காதுக்கா. மீட்டர் எண்ணிக்கிட்டே இருக்கு."

"எண்ணட்டும். கூடையோட பத்துப் பொம்பளைங்கள வெச்சிகினு நான் பாக்க மாட்டேன்."

பாயின் முன்னால் எங்கள் மோட்டார் படகைக் கழி போட்டுத் தள்ளிக்கொண்டு போனார். கொழுந்தனார் கரையில் நின்று, "அண்ணி, இதுக்கு எதுக்கு பேட்டரி? கழிக்கே சார்ஜ் போட்டிருக்கலாமே!" என்று கத்தினார். அக்கா அதே சீராகக் கழியை ஊன்றி இரண்டு நடை போய்வந்தார். எனக்கு முகம் எரிந்தது.

கூட்டம் ஓய்ந்ததும் பாயிடம், "வாங்க பாய், நானே ஓட்டிக் காட்டுறேன்" என்றேன். அக்கா கழியை நீட்டி, "இத்த எடுத்துனு போ தம்பி" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். காலி படகு, இரண்டே பேர். அம்பு போல் போனது. பாய் சந்தோஷமாகத் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். நடுத்தண்ணீரில் மோட்டார் நின்றது. முனகல் இல்லை, தயக்கம் இல்லை, நின்றது. மீட்டரைப் பார்த்தேன்: 48.

"என்ன தம்பி?"

"இருங்க பாய்." சுவிட்சை மாற்றி மாற்றிப் போட்டேன். காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. அந்த அமைதியில் காலடியில் கிர்ர்ரென்று ஒரு சத்தம்.

"அது என்ன ஓடுது?"

"தண்ணி இறைக்கிற பம்ப் பாய்."

"மோட்டார் நின்னுடுச்சு, அது மட்டும் எதுல ஓடுது?"

குனிந்து அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். நேராக பேட்டரியில் முடுக்கிய ஒயர். பேட்டரி தீரும்போது மோட்டாரை வெட்டிவிடும் காவலையும், மின்சாரத்தை மீட்டர் எண்ணும் தகட்டையும் தாண்டிப் போன ஒயர். கசிவுக்காக நாள் முழுக்க ஓடிய பம்ப் குடித்தது எதுவும் கணக்கில் ஏறவில்லை. நூறு காட்டிய பிறகும் சார்ஜர் சிவப்பாக நின்றது அந்தக் குறையை நிரப்பத்தான். மூன்று நாளும் நிரம்பாமலே எடுத்திருக்கிறோம். அக்கா ஒயரைப் பார்க்கவில்லை. மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. ஒரு விளக்கு அணைய வேண்டிய நேரத்தில் அணையவில்லை என்பதை மட்டும் வைத்து, எத்தனை நடை மிச்சம் என்பது வரை கணக்குப் போட்டிருக்கிறார். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

அக்காவே ஒரு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்தார். கரையில் கொழுந்தனார் ஊர்ப் பெரியவர் ஒருவரையே கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்.

"நின்னுச்சா இல்லையா? நடுத்தண்ணியில நின்னுச்சா இல்லையா? பேச்சு பேச்சுதான்."

அக்கா கயிற்றைச் சுருட்டியபடி கேட்டார்: "பேச்சு இன்னா? கூடைக்காரப் பொம்பளைங்க இருக்கும்போது நின்னா. பாயி கூடை வெச்சிருந்தாரா? இல்ல இந்தத் தம்பி பொம்பளையா?"

கரையில் சிரிப்பு வெடித்தது. பாய் தொப்பியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, "என்கிட்ட ஒரு கூடையும் இல்லப்பா" என்றார். பெரியவர் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "நிக்கப்போவுதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"செவப்பு அணையலயே பெரிப்பா. பாத்துகினுதானே இருந்தேன்."

"அப்ப துறைய இவளே ஓட்டட்டும். பாக்கத் தெரிஞ்சவ ஓட்டட்டும்" என்று கொழுந்தனாரின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பம்பின் ஒயரை மீட்டர் எண்ணும் பக்கத்துக்கு அன்றே மாற்றினேன். கசிவையும் அடைத்தோம். பச்சை எரியும் வரை சார்ஜரைக் கழற்றக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் படகு கரையிலேயே நின்றது. அதற்குப் பதிலாகக் கொழுந்தனாரின் பழைய படகை அவரிடமே கேட்டு வாங்கினார் அக்கா, இன்ஜின் இல்லாமல். கழி போட்டது நான். பத்துப் பெண்கள், பத்துக் கூடை, எதிர்க்காற்று.

"இன்னா தம்பி, உனக்கு எத்தினி காட்டுது?" என்றாள் ஒருத்தி.

"பத்துதான் இருக்குக்கா" என்றேன்.

"அப்பக் கரை வரிக்கும் போதும்" என்றார் அக்கா. "பயப்படாம ஊனு."